அணைக்கவே அணைக்காத தண்ணீர் லாரி

பம்பரத்துக்கு வேறொரு பெயரும் உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பித் தேடுவார். அவரால் சும்மா உட்கார முடியாது, அவ்வளவுதான் விஷயம். தொட்டிலில் கிடந்த காலத்தில் ஆட்டுகிற கை நின்றால் தெருவையே கூட்டியவர். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் இருந்ததைவிட வகுப்புக்கு வெளியே நின்றதுதான் அதிகம். வாசலில் நின்று படித்ததாலோ என்னவோ, படிப்பும் வாசலோடு நின்றுவிட்டது.

அப்புறம் அவர் பார்க்காத வேலை இல்லை. முதலில் முடிதிருத்தும் கடை. கையில் கத்தியை வைத்துக்கொண்டு காலை மாற்றி மாற்றி வைக்கிற ஆளிடம் கழுத்தைக் கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? முதலாளி பெரிய கும்பிடாகப் போட்டு அனுப்பிவிட்டார். தையல் கடையில் மெஷின் மிதிக்கிறவரை ராஜாவாக இருந்தார். பட்டன் தைக்க உட்காரச் சொன்ன அன்றைக்குச் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தார். பிறகு ஒரு வங்கி வாசலில் காவல் வேலை. நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அந்த நாற்காலியைப் பற்றி அவர் பேச மாட்டார். போகிற வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாம் அவர் முழங்கால் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து, திருட வந்தவனே இவன்தானோ என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்களாம். இது அவர் மனைவி சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

கடைசியில் வாய்த்தது நகராட்சித் தண்ணீர் லாரி. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பிய முதல் நாளே அதிசயம் நடந்தது. லாரி கிடுகிடுவென்று ஆடியது. இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இவர் ஆட வேண்டிய ஆட்டத்தை எல்லாம் லாரியே ஆடித் தீர்த்துவிட்டது. தனக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது, அதன் அடியில் ஒரு என்ஜின் இருந்தால் போதும் என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

லாரிக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தார். காலையில் எழுப்பிவிட்டால் பொழுது சாய்கிறவரை முணுமுணுப்பு அடங்காது, புகைச்சலும் தீராது என்று காரணம் வேறு சொன்னார். அவர் மனைவி அரசுப் பஸ்ஸில் கண்டக்டர். நாள் முழுக்கச் சில்லறைக்கு மல்லுக்கட்டி நாக்கைத் தீட்டி வைத்திருக்கிறவர். தன் அம்மாவைத்தான் சொல்கிறார் என்று சில நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்புறம் அவரே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். அழுக்குச் சட்டையைத் துவைக்கப் போடும்போது, "உங்க மாமியார் இன்னைக்குக் காலர் பூரா மை பூசி அனுப்பியிருக்காங்க" என்பார்.

லாரி டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் கிளப்பிய வண்டியைச் சாயங்காலம் திரும்பி வந்து நிறுத்துகிறவரை யாரும் அணைக்க மாட்டார்கள். எல்லாமே வயசான வண்டிகள். செல்ஃப் எப்போது எடுக்கும், எப்போது காலை வாரும் என்று அவற்றுக்கே தெரியாது. டிப்போவில் ஒரு சரிவு இருக்கிறது, காலையில் உருட்டிவிட்டால் இருமிக்கொண்டே பிடித்துக்கொள்ளும். நடுரோட்டில் சரிவுக்கு எங்கே போவது? தண்ணீர் நிறைந்த லாரியை யார் தள்ளுவது? அதனால் டிரைவர் டீ குடித்தாலும் வண்டி ஓடும், சாப்பிட்டாலும் ஓடும், அவசரத்துக்குச் சுவர் ஓரமாக ஒதுங்கினாலும் ஓடும். பம்பரத்துக்கு இந்த வழக்கம் இரட்டிப்பு வசதி. என்ஜின் ஓடினால்தானே அவருக்கு உடம்பு நிற்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அரசாங்கம் ஒரே மூச்சில் மூன்று திட்டங்களை அறிவித்தது. அந்த ஊர்க் காற்றில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதே சாதனை.

முதல் திட்டம் கரண்ட் பஸ். பம்பரத்தின் மனைவி போகிற பஸ்தான் முதலில் மாறியது. அன்று வீட்டுக்கு வந்தவர் பையைக் கழற்றாமலேயே பெருமை பேச ஆரம்பித்துவிட்டார். குலுக்கல் இல்லை, புகை இல்லை, பின் சீட்டில் பேசுகிற ரகசியமெல்லாம் முன்னால் கேட்கிறது, இரண்டு குடும்பச் சண்டையை முழுசாகக் கேட்டேன் என்றார். பம்பரம் சும்மா ஒருநாள் ஏறிப் பார்த்தார். உள்ளே ஆஸ்பத்திரி மாதிரி அமைதியாக இருந்தது. கால் ஆட ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்து வந்துவிட்டார்.

இரண்டாவது, பஸ் டிப்போ கூரை முழுக்க சோலார் தகடுகள். அதில் படிகிற தூசியைக் கழுவுகிற வேலை மாமியாருக்கு வந்தது. கூரைக்குக் கீழே லாரியை ஓடவிட்டு, குழாயைப் பிடித்துக்கொண்டு பம்பரம் மேலே ஏறித் தேய்ப்பார். துணி கன்னங்கரேலென்று வரும். 'எந்தப் பாவி இப்படிப் புகை விடுறானோ' என்று திட்டிக்கொண்டே பிழிவார். கீழே மாமியார் உறுமிக்கொண்டிருப்பாள்.

மூன்றாவது திட்டம்தான் வில்லங்கம். நூலகத்துக்குப் பக்கத்தில் சிக்னல் முனையில் ஒரு சின்ன அறை கட்டி, காற்றை உறிஞ்சிப் பார்க்கிற மெஷின் வைத்தார்கள். எதிரே பெரிய பலகை. காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அதில் எண் வரும். எண் புரியாதவர்களுக்காக நிறமும் உண்டு: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மொத்த ஊருக்கும் அந்த ஒரு மூக்குதான். சாயங்காலம் ஆறு மணிக்குப் பலகை என்ன நிறமோ, அதுதான் அன்றைய கணக்கு. ஒரு வாரம் விடாமல் சிவப்பு என்றால் பழைய டீசல் வண்டி எதுவும் மறுநாள் முதல் ரோட்டில் இறங்கக் கூடாது. ஸ்கூல் வேன், காய்கறி ஏற்றுகிற வண்டி, பால் வண்டி எல்லாம் முடங்கும். அரசாங்கத்தின் சொந்த வண்டி என்றால் பேச்சே இல்லை. நேராகப் பழைய இரும்பு யார்டு.

டிப்போ சூப்பர்வைசர் எல்லோரையும் நிற்க வைத்து இதைப் படித்துக் காட்டினார். யாருக்கும் வேலை போகாது, வேறு வேலை தருவோம் என்று ஆறுதலும் சொன்னார். பம்பரம் காலை மாற்றிக்கொண்டே, தனக்கு என்ன வேலை என்று கேட்டார்.

"சோலார் கூரைக்குக் காவல். நிழல்ல நல்ல நாற்காலி போட்டுத் தர்றோம்ப்பா."

பம்பரத்துக்கு வங்கி வாசல் நாற்காலி கண்முன் வந்து நின்றது. வெயிலை யாராவது திருடிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு நாற்காலி! அதுவும் ரிட்டயர் ஆகிறவரைக்கும்!

பலகை சிவந்தது. மறுநாளும் சிவந்தது. சூப்பர்வைசருக்கு ஒரு யோசனை உதித்தது. மெஷின் இருக்கிற இடத்தைச் சுற்றி மரத்துக்கும் ரோட்டுக்கும் தண்ணீர் அடித்தால் தூசி அடங்கும், எண் இறங்கும். பம்பரத்தைக் கூப்பிட்டு, சாயங்காலம்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொள் என்றார். தன் நாற்காலியைத் தானே தடுக்கிற வேலை. பம்பரம் பறந்தார்.

இலை இலையாகக் கழுவினார். நடைபாதையை இரண்டு தடவை அலசினார். பிறகு, எண் இறங்குகிறதா என்று பார்க்க லாரியை ஓரங்கட்டினார். அந்த முனையில் நிழல் ஒரே ஒரு இடத்தில்தான், மெஷின் அறைக்குப் பக்கத்துச் சுவர் ஓரம். மாமியாரை அங்கே என்ஜின் ஓட ஓட நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்தபடி பலகையை முறைத்தார். எண் ஏறியது.

இறங்கி இன்னும் கொஞ்சம் தண்ணீர் அடித்தார். உட்கார்ந்து பார்த்தார். எண் இன்னும் ஏறியது.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ ஒருவன் காற்றைக் கெடுக்கிறான். அவனைக் கண்டுபிடித்தே தீருவது என்று கிளம்பினார். முதலில் அகப்பட்டது டீக்கடை அக்காவின் மண்ணெண்ணெய் அடுப்பு. இவர் வயிற்றுக்குத் தினமும் மூன்று வேளை டீ ஊற்றுகிற அடுப்புதான். ஆனாலும் சாலைக்கு அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பக்கம் வியாபாரம் பாதியாகிவிட்டது. சருகு கொளுத்திய துப்புரவுக்காரரோடு ஒரு சண்டை. சிக்னலில் நிற்கிற ஆட்டோக்களிடம் போய் ஜன்னலைத் தட்டித் தட்டி, வண்டியை அணைங்கப்பா, ஊர் நாசமாகுது என்று கெஞ்சினார். பின்னாலிருந்து மாமியார் உறுமியதில் பாதிப் பேருக்கு அவர் சொன்னது காதில் விழவில்லை.

அக்கம்பக்கத்தில் அவரைப் பற்றி விசாரித்தவர்களிடம் அவர் மனைவி, "எங்க வீட்டுக்காரர் இப்பல்லாம் காலையிலேயே நூலகத்து முனையில தண்ணி அடிக்கிறார்" என்று சொல்லிவைத்தார். இரண்டு பேர் புத்தி சொல்லக் கிளம்பியே வந்துவிட்டார்கள்.

வீட்டிலும் அவருக்கு நிலைகொள்ளவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் முழங்கால் ஆடும். மேலே டம்ளர்கள் கிணுகிணுக்கும். மனைவி தன் டிக்கெட் பையை, சில்லறையோடு கனமாக இருக்கிற பையை, எடுத்து அவர் முழங்கால்மேல் வைப்பார். ஆட்டம் குறையும். இது அந்த வீட்டில் பழைய வைத்தியம். அந்த வாரம் பை தாங்கவில்லை. பையும் சேர்ந்து ஆடியது.

வாரக் கடைசி நெருங்கியபோது ஒருநாள் காலையில் மாமியாருக்கு டயர் பஞ்சர். பம்பரம் முனைக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அன்றும் சாயங்காலம் சிவப்புதான். வீட்டுக்கு வந்து, காலையிலேயே போயிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மனைவி சட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஏங்க, எங்க பஸ் அந்த முனையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை தாண்டுது தெரியுமா? இன்னைக்குக் காலையில பூரா ஆரஞ்சு. நீங்க வந்து நின்னப்புறம்தான் சிவப்பு."

"அப்போ நான்தான் காத்தைக் கெடுக்கிறேனா?"

"நீங்க இல்லீங்க. உங்க மாமியார்."

பம்பரம் கத்தினார். புகைக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்றார். கரண்ட் பஸ்காரியின் திமிர் என்றார். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். நடக்க நடக்க, கூரையில் பிழிந்த கறுப்புத் துணி கண்ணில் வந்து வந்து நின்றது. கொடியில் தொங்கிய தன் சட்டைக் காலரைப் போய்ப் பார்த்தார். துணியிலும் காலரிலும் ஒரே கறுப்பு.

விடிந்தால் கடைசி நாள். சூப்பர்வைசர் காலையிலேயே, தண்ணீர் அடிக்காமல் திரும்பினால் தொலைத்துவிடுவேன் என்றார். பம்பரம் தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினார். மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்: சட்டென்று அடிப்பது, விருட்டென்று கிளம்புவது. மனைவி சொன்னது பொய்யென்றால் நஷ்டமில்லை. நிஜமென்றால் எண் இறங்கும்.

நல்ல கணக்குதான். ஆனால் ஊரில் அன்றைக்கு வேறு யாருக்கும் வேலை ஓடவில்லை. சாயங்காலம் மூன்றாவது சுற்றுத் தண்ணீரை அடித்து முடித்துப் பம்பரம் வண்டியில் ஏறுகிற நேரத்துக்கு, ஸ்கூல் வேன் ஒன்று வந்து முன்னால் நின்றது. பின்னாலேயே காய்கறி வண்டி. பால் வண்டி. இன்னும் இரண்டு வேன். இன்னும் நாலு ஆட்டோ. எல்லோருக்கும் பிழைப்பு அந்தப் பலகையில் தொங்குகிறது. கடைசி எண்ணைக் கண்ணால் பார்க்க வந்துவிட்டார்கள். ஒருத்தரும் வண்டியை அணைக்கவில்லை. பார்த்துவிட்டு உடனே கிளம்பப் போகிறவர்கள் எதற்கு அணைக்க வேண்டும்? மாமியார் நடுவில் மாட்டிக்கொண்டாள். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

பலகை கருஞ்சிவப்பாகிக்கொண்டே போனது. ஆறு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பம்பரம் கீழே குதித்து ஒவ்வொரு வண்டியாக ஓடினார். அணைங்க, அணைங்க என்று கையைக் காட்டினார். நம்முடைய புகைதான் அந்த மெஷினுக்குள் போகிறது, நாமே நம் தலையில் மண்ணைப் போடுகிறோம் என்று தொண்டை வற்றச் சொன்னார். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். ஸ்கூல் வேன் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அண்ணே, ஒரு வாரமா ஊரையே அணைக்கச் சொல்றீங்க. உங்க கிழவி மட்டும் கச்சேரி பண்றா. முதல்ல அதை அணைங்க, பாக்கலாம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து டீக்கடை அக்காவும் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

பம்பரம் லாரியில் ஏறினார். சாவியில் கை வைத்தார். இந்த இடத்தில் சரிவு கிடையாது. தொட்டியில் பாதித் தண்ணீர் இருக்கிறது. அணைத்தால் திரும்ப வருவாள் என்று எந்தச் சாமியும் எழுதிக் கொடுக்காது. அணைக்காவிட்டால் ஊர் வண்டிகள் மொத்தமும் நாளைக்குப் படுக்கும், இவளும்தான் படுப்பாள். எப்படிப் பார்த்தாலும் அந்த நாற்காலி அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. இப்படி அணைத்தால் ஒருவேளை தப்பிக்கலாம். அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் வாயை மூடு, தாயி" என்று சொல்லிச் சாவியைத் திருப்பினார்.

மாமியார் இரண்டு தடவை உலுக்கி அடங்கினாள்.

இவ்வளவு வருஷத்தில் அந்த சீட்டில் அவர் கேட்காத சத்தங்கள் கேட்டன. தொட்டிக்குள் தண்ணீர் அலம்புகிற சத்தம். மரத்திலிருந்து சொட்டுகிற சத்தம். தன் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிற சத்தம். கால் ஆடியது, கை ஆடியது, பல்லும் சேர்ந்து ஆடியது. வேன் டிரைவர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். வாயைக் கொடுத்தாயிற்று, வேறு வழியில்லை, வேனை அணைத்தார். காய்கறி வண்டி அடங்கியது. பால் வண்டி அடங்கியது. ஒவ்வொன்றாக முனை முழுக்க அமைதியானது. நூலகத்திலிருந்து ஒருவர், என்ன ஆச்சோ என்று வெளியே ஓடிவந்து பார்த்தார்.

எண் உடனே இறங்கவில்லை. கொஞ்ச நேரம் அழுத்தமாக அப்படியே நின்றது. பிறகு ஒன்று இறங்கியது. இன்னொன்று. பம்பரம் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஆறு அடிக்கிற நேரத்துக்கு, ஏதோ போனால் போகிறது என்பதுபோல், பலகை ஆரஞ்சுக்கு மாறியது.

முனையே கைதட்டியது. வேன் டிரைவர் ஓடிவந்து பம்பரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அது ஏற்கெனவே குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. எல்லோரும் அவரவர் வண்டியைக் கிளப்பினார்கள், குப்பென்று ஒரே புகை. நல்லவேளை, ஆறு மணி தாண்டிவிட்டது.

பம்பரமும் சாவியைத் திருப்பினார். செல்ஃப் ஒருமுறை கீச்சென்றது. மறுமுறை அதுவும் இல்லை. இறங்கித் தொட்டியைத் திறந்து தண்ணீரை எல்லாம் ரோட்டில் ஓடவிட்டு, கனத்தைக் குறைத்தார். கிளம்பிய வேன்காரர்கள் திரும்பி இறங்கி வந்து, ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். மாமியார் ஒரு செருமல் செருமினாள். எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவ்வளவுதான், அதற்கு மேல் அவள் பேசவில்லை.

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். ஊர் தப்பித்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஓடுகிற வண்டிக்குத்தான் சலுகை, ஓடாத வண்டி யார்டுக்குத்தான் போகும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இழுவை வண்டி வந்தது. கொக்கி மாட்டுகிறபோது பம்பரம் பானெட்மேல் உள்ளங்கையை வைத்தார். இன்னும் சூடு இருந்தது.

டீக்கடை அக்கா ஒரு டீயைக் கொண்டுவந்து நீட்டினார். "குடி தம்பி. நாளைக்கு அடுப்பை இந்தப் பக்கமே வச்சுக்கறேன். கேஸ் அடுப்பு வாங்கிடறேன், போதுமா?" பம்பரத்தால் டீயைச் சிந்தாமல் பிடிக்க முடியவில்லை. அக்காவே டம்ளரின் அடியைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மனைவியின் பஸ் வந்தது. அவர் படியில் நின்றபடியே காலியாகக் கிடந்த சுவர் ஓரத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். நாக்கில் தயாராக இருந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, "ஏறுங்க" என்றார். கடைசி சீட்டில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்களுக்கு டிக்கெட் கொடுக்கப் போனார்.

திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது பம்பரத்தின் கால் முன் சீட்டை உதைத்துக்கொண்டிருந்தது. பம்பரம் நாற்காலியைப் பற்றிச் சொன்னார்: நிழலில் போடுவார்களாம், கூரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

"கூரை எவ்வளவு நீளம்னு கழுவுன உங்களுக்குத் தெரியாதா? நாற்காலியில சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு நீங்க பாட்டுக்கு நடங்க. கேட்டா, காவல் காக்குறேன்னு சொல்லுங்க."

"மாமியாரை யார்டுக்குக் கொண்டுபோயிட்டாங்கம்மா. மழை வந்தா நனைவா."

மனைவி தோளிலிருந்து பையைக் கழற்றி, சில்லறை ஒரு பக்கமாகச் சேரும்படி உலுக்கி, அவர் முழங்கால்மேல் வைத்தார். மேலே தன் கையையும் வைத்து அழுத்தினார். பம்பரம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். காற்றில் என்னமோ தூசி என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, பொறுமை இழந்தவராக, "இந்த வண்டி எப்பதான் கிளம்பும்?" என்றார்.

"கிளம்பி ரெண்டு ஸ்டாப் தாண்டியாச்சு."